பத்து வயதான சொகுசு எஸ்யூவி: இன்ஜினை எடைபோட்டு வாங்கும் முறை

புதிதாக வந்தபோது 60, 70 லட்சம் ரூபாய்க்கு விற்ற ஜெர்மன் எஸ்யூவி ஒன்று, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின் ஒரு புதிய சிறிய காரின் விலைக்குக் கிடைக்கிறது. விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான். அதன் உதிரிபாகங்களும், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவரின் கூலியும் இன்றும் 70 லட்ச ரூபாய் வண்டிக்கு உரியவையாகவே இருக்கின்றன. ஏசி, ஏர் சஸ்பென்ஷன், கதவுப் பூட்டு, திரை என்று எது கெட்டாலும் கையில் பணம் வரும்போது ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு ஓட்டிவிடலாம். இன்ஜின் போனால் மட்டும் வண்டிக்குக் கொடுத்த பணம் முழுவதும் அதனோடு போய்விடுகிறது.

இப்படி வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, பென்ஸ் நல்லதா, பிஎம்டபிள்யூ நல்லதா, ஆடி நல்லதா என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பயனுள்ள பதில் கிடையாது. ஒரே நிறுவனம், ஒரே மாடல், இரண்டே ஆண்டு இடைவெளியில் முற்றிலும் வேறான இரண்டு இன்ஜின்களோடு வந்திருக்கிறது. ஒப்பிடவேண்டியது இன்ஜின்களை. அதிலும் எது அடிக்கடி கெடுகிறது என்பதைவிட முக்கியமானவை வேறு இரண்டு உண்டு. கெடும் முன் அது அடையாளம் காட்டுகிறதா என்பது ஒன்று. கெட்ட பாகத்தைத் தொடுவதற்கு எதையெல்லாம் கழற்றவேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று. ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் ஒழுகும் இன்ஜினோடு வாழ்ந்துவிடலாம். ஒரு சத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்து, நெடுஞ்சாலையில், பிஸ்டன்களின் விசையைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் முறிந்து நிற்கும் இன்ஜினோடு வாழமுடியாது.

முதலில் இன்ஜின் எண்

வண்டியை நேரில் பார்க்கப் போகும் முன்பே, விற்பவரிடம் ஆர்சியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள இன்ஜின் எண், பெரும்பாலும் அந்த இன்ஜின் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைத் தன் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். மெர்சிடிஸ் வண்டியில் அது 642 என்று தொடங்கினால் 3.0 லிட்டர் வி6 டீசல். 651 என்று தொடங்கினால் 2.1 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல். ஆடியில் சிஏஎஸ்ஏ, சிஆர்சிஏ போன்ற ஆங்கில எழுத்துகள் அந்த வேலையைச் செய்கின்றன. சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தாளிலும் அதே எழுத்துகளைக் காணலாம். பிஎம்டபிள்யூவில் சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு இலக்கங்களைக் கொடுத்தால், வண்டி ஆலையிலிருந்து எந்த இன்ஜினோடு வெளிவந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வண்டியே போதும். ஈ70 என்று அழைக்கப்படும் இரண்டாம் தலைமுறை எக்ஸ்5, 2010 வரை எம்57 என்ற 3.0 லிட்டர் டீசல் இன்ஜினோடு வந்தது. அந்த ஆண்டு செய்த சிறு மாற்றத்தில் முகப்பும் பம்பரும் சற்றே மாறின. உள்ளே என்57 வந்து உட்கார்ந்தது. 2009-ஆம் ஆண்டு வண்டியிலும் 2011-ஆம் ஆண்டு வண்டியிலும் எக்ஸ்டிரைவ்30டி என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் செயின், எம்57-இல் இன்ஜினின் முன்பக்கத்தில் இருக்கிறது. என்57-இல் அது பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. முன்பக்கச் செயினை மாற்றுவது ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்பில் சில நாள் வேலை. பின்பக்கச் செயினுக்குக் கியர்பாக்ஸை இறக்கவேண்டும், அல்லது இன்ஜினையே வெளியே எடுக்கவேண்டும். செயினின் விலை இரண்டிலும் பெரிதாக இல்லை. வேறுபாடு முழுவதும் கூலியில் இருக்கிறது.

மெர்சிடிஸிலும் இதே நிலைதான். டபிள்யூ166 தலைமுறை எம்எல் வண்டி இந்தியாவில் எம்எல் 250, எம்எல் 350 என்ற இரண்டு டீசல் வகைகளில் விற்றது. சிறிய இன்ஜின் என்றால் பராமரிப்பும் சிறியதாக இருக்கும் என்று எண்ணிப் பலர் 250-ஐத் தேடுகிறார்கள். 350-இல் உள்ள 642 இன்ஜினுக்குச் செயின் முன்பக்கம். 250-இல் உள்ள 651 இன்ஜினுக்கு அது பின்பக்கம். செயினும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் தண்டவாளங்களும் தேய்ந்துபோன 250 ஒன்றை வாங்கியவர், 350 வாங்கியவரைவிடக் கூடுதலாகச் செலவிட நேரலாம்.

ஆர்சியில் உள்ள எண்ணும் இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் இன்ஜின் போய், எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய இன்ஜினைப் பொருத்தி, ஆர்சியில் மாற்றம் பதியாமலேயே விற்கப்படும் வண்டிகள் உண்டு. அப்படிப்பட்ட வண்டியைப் பெயர் மாற்றுவதிலும் காப்பீட்டுக் கோரிக்கையிலும் வரும் தொல்லை, எந்த விலைக்குறைப்புக்கும் ஈடாகாது.

எந்த இன்ஜின் எப்படிக் கெடுகிறது

எம்57-ஐப் பற்றி நல்லதைத்தான் பெரும்பாலும் சொல்லவேண்டும். முன்பக்கச் செயின், ஒழுங்காக ஆயில் மாற்றினால் மூன்று லட்சம் கிலோமீட்டரையும் தாண்டும் உடம்பு. அதன் குறைகள் தெரிந்தவை. பழைய பதிப்புகளில், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் உள்ள சிறு தகடுகள் தேய்ந்து உடைந்து சிலிண்டருக்குள் விழுந்துவிடும். முதல் தலைமுறை எக்ஸ்5 வாங்குபவர் அந்தத் தகடுகள் எடுக்கப்பட்டு அடைப்புத் தகடு போடப்பட்டிருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும். கிராங்க் புல்லியின் ரப்பர் வயதாகிப் பிளக்கும். அதைப் பெல்ட்டின் பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

என்57 மோசமான இன்ஜின் அன்று. மெல்லிய ஒலி, நல்ல இழுவை என எம்57-ஐவிடப் பல வகையிலும் முன்னேறியது. ஆனால் ஆயில் விஷயத்தில் அது மன்னிப்பதில்லை. ஐரோப்பியக் கணக்குப்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றி ஓட்டிய வண்டிகளில் செயினும் பேரிங்குகளும் சீக்கிரமே தேய்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். 2018-இல் தென்கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் வண்டிகள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து இன்ஜினுக்கே திருப்பியனுப்பும் இஜிஆர் கூலரிலிருந்து கசிந்த கூலன்ட், புகைக்கரியோடு சேர்ந்து படிந்து பற்றிக்கொண்டதே காரணம் என்று கண்டறியப்பட்டது. அங்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் கூலர் இருந்த குடும்பங்களில் என்57-உம் ஒன்று. ஆகவே 2010-க்குப் பிந்தைய எக்ஸ்5 வாங்குபவர், சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இஜிஆர் கூலர் சோதிக்கப்பட்டதா, மாற்றப்பட்டதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் விசாரிக்கவேண்டும். கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போய், வெளியே ஒழுகல் எதுவும் தெரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்படவேண்டிய இடம் அதுதான்.

மெர்சிடிஸின் 642, 2005-இல் வந்தது. எம்எல், ஜிஎல், ஆர் கிளாஸ், ஜீப் கிராண்ட் செரோக்கி என்று பல வண்டிகளில் ஓடியிருக்கிறது. அதன் பெயர்போன குறை, இரண்டு சிறிய ரப்பர் சீல்கள். வி வடிவில் சாய்ந்து நிற்கும் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் ஆயில் கூலர் அமர்ந்திருக்கிறது. அதன் அடியில் இருந்த ஆரஞ்சு நிறச் சீல்கள் சூட்டில் இறுகி ஆயிலை விட்டுவிடும். பின்னாளில் ஊதா நிறத்தில் சூடு தாங்கும் சீல்கள் வந்தன. சீல்கள் மலிவானவை, ஆனால் அவற்றை எட்டுவதற்கு டர்போவையும் இன்டேக் மேனிஃபோல்டுகளையும் முழுக்கக் கழற்றவேண்டும். டர்போவுக்குள் காற்று நுழையும் வாயிலில் கசியும் எண்ணெய், கீழே உள்ள மேனிஃபோல்டு மோட்டாரின் மேல் சொட்டி அதைக் கெடுப்பதும் வழக்கம். இவ்வளவு ஒழுகியும் இந்த இன்ஜினை நான் நம்புகிறேன். ஏனெனில் அது ஒழுகித் தன் நிலையைச் சொல்கிறது. சீல் மாற்றிய பில் இருக்கும் 642 வண்டிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். அந்தப் பில் இல்லாத வண்டியில் அச்செலவை விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசலாம்.

அதே மெர்சிடிஸின் பெட்ரோல் வி6 ஆன எம்272, அதன் தொடக்க ஆண்டுகளில் வேறு கதை. அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பற்சக்கரம் மென்மையான உலோகத்தால் செய்யப்பட்டு முன்கூட்டியே தேய்ந்தது. அதைச் சரிசெய்ய இன்ஜினை வெளியே எடுக்கவேண்டும். வி8 ஆன எம்273-இல் செயினைத் திருப்பும் சக்கரத்துக்கு இதே நோய். 2007-க்கு முந்தைய பெட்ரோல் எம்எல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இந்த வேலை முடிந்ததற்கான சான்று இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆடி க்யூ7-இன் முதல் தலைமுறையில் உள்ள 3.0 டிடிஐ டீசல் இன்ஜினுக்குச் செயின்கள் அனைத்தும் பின்பக்கம். முந்தைய பதிப்பில் நான்கு செயின்கள். ஏறத்தாழ 2010-இல் வந்த பிந்தைய பதிப்பில் அவற்றை இரண்டாகக் குறைத்தார்கள். ஆகவே க்யூ7-இல் 2011-க்குப் பிந்தைய வண்டியைத் தேடுவது அறிவுடைமை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பின்பக்கமிருந்து, டாஷ்போர்டுக்கு நேர் பின்னாலிருந்து வருவதுபோல, சங்கிலி குலுங்கும் ஒலி கேட்டால் செயினை இழுத்துப்பிடிக்கும் டென்ஷனர்கள் தளர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். பிந்தைய பதிப்பிலும், அக்காலத்தின் வேறு பல டீசல்களிலும் உள்ள சிபி4 வகை உயரழுத்தப் பம்ப்பையும் நினைவில் வையுங்கள். உள்ளே உராய்ந்து அது சிதறினால் உலோகத்தூள், உயரழுத்த டீசல் குழாயான ரெயில், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர், டேங்க் வரை பரவும். பிறகு எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. தண்ணீர் கலந்த டீசலும், காலத்தில் மாற்றாத டீசல் ஃபில்டரும் இந்தப் பம்ப்புக்கு எமன்.

லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, 4 வண்டிகளின் உட்புறத்தையும் சவாரியையும் விரும்பாதவர் இல்லை. அவற்றில் உள்ள 2.7, 3.0 டிடிவி6 இன்ஜின்கள் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியதும் உண்டு. பாதியிலேயே கிராங்க் ஷாஃப்ட் முறிந்ததும் உண்டு. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெல்லிய பேரிங் ஷெல் தன் இடத்திலேயே சுழன்று ஆயில் துளையை அடைத்துவிடுகிறது. பிறகு கிராங்க் வறண்டு, சூடேறி, முறிகிறது. பல வண்டிகளில் இதற்கு முன்னறிவிப்பே இருப்பதில்லை. இந்த இன்ஜினில் செயினுக்குப் பதிலாக டைமிங் பெல்ட். அதோடு பின்பக்கம் எரிபொருள் பம்ப்பை ஓட்டத் தனியாக ஒரு பெல்ட் இருக்கிறது. வயதைக் கணக்கிட்டே இரண்டையும் மாற்றவேண்டும். குறைவாக ஓடிய வண்டி என்பது இங்கு சாக்கு ஆகாது. பெரிய வேலை என்றால் பாடியைச் சேசிஸிலிருந்து தூக்குவதே வசதி என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அந்த வண்டியை நேசிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரே வண்டியை வைத்துக் குடும்பம் நடத்துபவர் இதைத் தேர்ந்தெடுக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதல் தலைமுறை வால்வோ எக்ஸ்சி90-இன் ஐந்து சிலிண்டர் டி5 டீசல் நல்ல இன்ஜின். பெல்ட்டையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றிய பில் வேண்டும், உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். 2003 முதல் 2006 வரையிலான போர்ஷே கேயன் வி8 வண்டிகளில் கூலன்ட் குழாய்கள் பிளாஸ்டிக். அவை அலுமினியமாக மாற்றப்பட்டிருக்கவேண்டும். டொயோட்டா பிராடோவின் 3.0 லிட்டர் 1கேடி இன்ஜினில் இன்ஜெக்டர் சீல் கசிந்து, கரி ஆயிலில் இறங்கி, ஆயில் உறிஞ்சியின் வலையை அடைக்கும். டொயோட்டா என்பதால் எதையும் சோதிக்காமல் வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். பிஎம்டபிள்யூவின் 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8 ஆன என்63-இன் முந்தைய பதிப்பு ஆயில் குடிப்பதற்கும் செயின் நீள்வதற்கும் பெயர்பெற்றது. 2014-இல் அமெரிக்காவில் அந்நிறுவனமே அதற்கென்று ஒரு சிறப்புச் சீரமைப்புத் திட்டத்தை அறிவிக்கவேண்டியிருந்தது.

அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கை

இன்ஜின் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தபின், கண்முன் நிற்கும் வண்டிக்கு வரவேண்டும். நன்றாகப் பார்த்துக்கொண்ட என்57, கவனிப்பாரற்றுக் கிடந்த எம்57-ஐவிட மேலானது.

சர்வீஸ் பில்களை வாங்கி, ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஓடிய தூரத்தை ஆயில் மாற்றிய எண்ணிக்கையால் வகுங்கள். 1,10,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு ஏழு ஆயில் பில்கள் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15,700 கிலோமீட்டர் உழைத்திருக்கிறது. பதினான்கு இருந்தால் 8,000-க்கும் குறைவு. இந்த ஒற்றை எண், எனக்கு ஓடோமீட்டரைவிட அதிகம் சொல்கிறது. பில்லில் ஆயிலின் தரக்குறியீடும் இருக்கவேண்டும்: பிஎம்டபிள்யூ டீசலுக்கு எல்எல்-04, மெர்சிடிஸுக்கு 229.51, ஆடிக்கு 507 00. துகள் வடிகட்டியான டிபிஎஃப் உள்ள வண்டியில் வேறு ஆயிலை ஊற்றியிருந்தால், அந்த வடிகட்டி சாம்பலால் நிறைந்திருக்கும்.

பன்னிரண்டு ஆண்டில் 35,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று பெருமையாகச் சொல்லப்படும் வண்டியைக் கண்டு மயங்கவேண்டாம். இன்ஜின் முழுச் சூட்டை எட்டும் முன்பே நிறுத்தப்பட்ட குறுந்தூர ஓட்டங்கள், டீசலை ஆயிலில் கலக்கவிடுகின்றன, சீல்கள் காய்ந்துபோகின்றன, டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரமே கிடைப்பதில்லை. வாரந்தோறும் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஓடி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் கண்ட வண்டி பல வேளைகளில் நல்ல நிலையில் இருக்கும்.

தில்லிப் பதிவெண்ணோடு வரும் வண்டிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கு எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் இட்ட ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபின், பத்து வயதை நெருங்கும் சொகுசு டீசல்கள் அங்கிருந்து மலிவாகத் தெற்கே வரத்தொடங்கின. அந்த மலிவுக்குக் காரணம் சட்டமே அன்றி இன்ஜின் அன்று. எனவே விலை குறைவு என்பதற்காக மட்டும் சந்தேகப்படவேண்டியதில்லை. தடையின்மைச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டுச் சாலை வரி ஆகியவற்றைக் கூட்டிய பிறகும் லாபம் மிஞ்சுகிறதா என்று கணக்கிட்டால் போதும்.

சென்னை வண்டிகளுக்கு வேறொரு கேள்வி உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்த வண்டி எங்கே நின்றது? தண்ணீரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது; பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். சற்றே வளைந்த ராடோடு இன்ஜின் பல மாதம் ஓடும், பிறகு ராடு இன்ஜினின் உடலான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இல்லாதவர்கள் இதைக் கைக்காசில் அரைகுறையாகச் சரிசெய்திருப்பார்கள் என்பதால், காப்பீட்டுக் கோரிக்கைப் பட்டியலில் ஒன்றும் இருக்காது. இருக்கைத் தண்டவாளத்தின் அடித்துரு, தரைவிரிப்பின் கீழ் மணல், கனெக்டர்களில் பச்சைப் பூப்பு ஆகியவைதான் சாட்சி. முந்தைய டபிள்யூ164 தலைமுறை எம்எல், ஜிஎல், முதல் தலைமுறை க்யூ7 ஆகியவற்றில் பேட்டரி முன்னிருக்கையின் கீழே இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தால் நீர் நின்ற கோடு தெரியும்.

காலை ஆறரை மணிச் சோதனை

வண்டியைக் காலையில், இரவு முழுவதும் ஸ்டார்ட் செய்யாத நிலையில் பார்க்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். செயின் ஒலி, இன்ஜெக்டர் கசிவு, தேய்ந்த பிஸ்டன் ரிங் ஆகிய எல்லாம் அந்த முதல் ஐந்து நொடியில்தான் பேசும்.

என் அத்தை மகனுக்காகக் கோவையில் ஒரு வண்டி பார்க்கப் போயிருந்தேன். காலை ஆறரை மணி, வாசலில் கோலம் காயாத நேரம். "நேத்து ராத்திரி நிறுத்தினதுங்க, தொடவே இல்லை" என்றார் விற்றவர். பானெட்டின் மேல் கை வைத்தேன். குளிர்ந்துதான் இருந்தது, கழுவிய ஈரமும் இருந்தது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, சாவியை ஸ்டார்ட் செய்யாமல் திருப்பி, கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்தோம். வெளிக்காற்று 24 டிகிரி. கூலன்ட் 61 டிகிரி. தண்ணீர் ஊற்றித் தகட்டைக் குளிரவைக்கலாம், இன்ஜினுக்குள் இருக்கும் சூட்டை ஒரு மணி நேரத்தில் இறக்கமுடியாது. மறுநாளும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் கூலன்ட் 25 டிகிரியில் இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கமிருந்து கைநிறைய ஆணியை டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் மூன்று நொடி ஒலி கேட்டு அடங்கியது. அவ்வளவுதான், திரும்பிவிட்டோம்.

அதே ஸ்கேனரில் வேறு சிலவற்றையும் பாருங்கள். பிழைக்குறியீடுகளை அழித்தபின் ஓடிய தூரம் என்று ஓர் எண் இருக்கும். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், உங்களுக்குக் காட்டுவதற்காகத்தான் அழித்திருக்கிறார்கள். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உள்ள திருத்த மதிப்பு ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்தச் சிலிண்டரைத் தனியே சோதிக்கவேண்டும். ரெயில் அழுத்தம் கேட்ட அளவும் கிடைத்த அளவும் வேகமெடுக்கும்போதும் ஒத்துப்போகவேண்டும். டிபிஎஃப்பில் சேர்ந்த சாம்பலின் அளவைப் பாருங்கள். மதிப்பு பூஜ்யம் என்று நின்றால், வடிகட்டியை வெட்டியெடுத்து மென்பொருளில் மறைத்திருக்கக்கூடும். பல ஐரோப்பிய வண்டிகளில் ஓடிய தூரம் இன்ஜின், கியர்பாக்ஸ், சாவி என்று பல இடங்களில் பதிவாகும்; மீட்டரைக் குறைத்தவர் எல்லா இடத்திலும் குறைத்திருக்கமாட்டார்.

பிறகு அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதில் பாதியாவது புறவழிச் சாலையில் இருக்கட்டும். திரும்பி வந்து ஐட்லிங்கில் விட்டு ஆயில் மூடியைத் திறந்தால் மெல்லிய மூச்சு வரலாம், புகை கக்கக்கூடாது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது.

இவை அனைத்திலும் தேறிய வண்டிக்கு நான் கேட்கும் கடைசி அனுமதி, ஆயில் ஃபில்டரைத் திறந்து பார்ப்பது. எம்57, என்57, 642 ஆகியவற்றில் அது இன்ஜினின் மேல்பக்கமே இருக்கிறது. மூடியைத் திருகி, காகித ஃபில்டரை எடுத்து, பழைய செய்தித்தாளின் மேல் வைத்து, பிளேடால் வெட்டி மடிப்பு மடிப்பாக விரித்துச் சூரிய ஒளியில் பார்க்கவேண்டும். கருப்பு ஆயிலுக்கு நடுவே செம்பு நிறத்தில் மின்னும் செதில்கள் பேரிங்கின் உள்அடுக்கு. காந்தத்தில் ஒட்டும் சாம்பல்நிறத் துகள் செயினோ பற்சக்கரமோ. நகத்தால் நசுக்கினால் வளையும் கரும்பழுப்புத் துணுக்குகள், செயின் உரசிச் சீவிய பிளாஸ்டிக் தண்டவாளம். ஒன்றும் இல்லாத ஃபில்டர், வெறும் கரி படிந்து ஈரமாக இருக்கும். புதிய ஃபில்டரின் விலையையும் ஆயிலின் விலையையும் நீங்களே கொடுத்துவிடுவதாகச் சொன்னால் நேர்மையான விற்பனையாளர் மறுப்பதில்லை. மறுப்பவரிடம் வாங்கவேண்டிய அவசியமும் இல்லை. இந்த வண்டிகள் சந்தையில் நிறையவே நிற்கின்றன.

விலை பேசும்போதும், வாங்கிய பிறகும்

இரண்டு வண்டிகளுக்கு இடையே முடிவெடுக்கும்போது, ஒவ்வொன்றின் விலையோடும் அதன் இன்ஜினுக்கு வரப்போகும் தெரிந்த வேலையின் செலவைக் கூட்டி ஒப்பிடுங்கள். ஆயில் கூலர் சீல் மாற்றாத 642, பெல்ட் மாற்றாத டி5, செயின் மாற்றாத 3.0 டிடிஐ ஆகிய ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்யக்கூடியவரிடமே எழுத்தில் விலை வாங்குங்கள். அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் உங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் யாரும் இல்லை என்றால், இன்ஜின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வண்டி உங்களுக்கு உரியதன்று. என் கணக்கில், வாங்கும் விலையில் நான்கில் ஒரு பங்கையாவது தனியே எடுத்துவைக்க முடியாதவர் இந்தப் பக்கம் வரக்கூடாது.

வாங்கிய வாரத்திலேயே, பில் என்ன சொன்னாலும் சரி, ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றுங்கள். கூலன்ட்டின் வயது தெரியாவிட்டால் அதையும் மாற்றுங்கள். கழற்றிய ஆயில் ஃபில்டரைத் தேதியும் கிலோமீட்டரும் எழுதிய பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 3,000 கிலோமீட்டர் கழித்து இன்னொருமுறை ஆயில் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டி முதலாவதன் பக்கத்தில் விரியுங்கள். இரண்டாவது சுத்தமாக இருந்தால் இனி 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றி ஓட்டலாம். செம்புச் செதில் தெரிந்தால், வண்டி எவ்வளவு அமைதியாக ஓடினாலும் அன்றே நிறுத்தி, இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கிப் பேரிங் ஷெல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஷெல்களை மட்டும் மாற்றினால் போதும்; கிராங்க் இன்னும் கெட்டிருக்காது.